மீன் வயித்துக்குள்ள எட்டிப் பார்த்த வக்கீல்

மக்களே, ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிப்போம். ஒரே ஆத்துல 55 வருஷமா மீன் பிடிச்ச ஒருத்தரை, 80 வயசுல, உங்க முறை சரியில்லன்னு சொல்லி ஒதுங்க வெச்சா எப்படி இருக்கும்?

அவர் வெடி வெச்சு மீன் பிடிக்கல. ராத்திரியில வலை போட்டுத் திருடவும் இல்ல. நகக்கண் அளவு இருக்கற ஒரு தூண்டில் முள்ளுல கொஞ்சம் முடி, ரெண்டு சுத்து மென்மையான இறகு கட்டினார். அதைத் தண்ணிக்கு மேல மிதக்க விடாம, தண்ணிக்குள்ள ஒரு ரெண்டு இஞ்ச் இறங்க விட்டார். அவர் மேல இருந்த குற்றச்சாட்டு இவ்வளவுதான்.

அவர் பேர் ஜார்ஜ் எட்வர்ட் மெக்கன்ஸி ஸ்கியூஸ். தொழில்ல லண்டன் வக்கீல். ஃப்ளை ஃபிஷிங் உலகத்துல இவர் பேரைக் கேள்விப்படாதவங்க ரொம்பக் கம்மி. நம்ம காலேஜ்ல எத்தனை பேருக்குத் தெரியும்னு கேட்டா, அது வேற விஷயம். அதனாலதான் இந்த மாசம் இவரைப் பத்தி எழுதறேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல தலையைக் குடுத்து உட்கார்ந்திருக்கற எல்லாருக்கும் இவர் கதையில ஏதோ ஒண்ணு இருக்கு.

முதல்ல கொஞ்சம் பேஸிக்ஸ்

ஃப்ளை ஃபிஷிங்னா மண்புழுவைக் கோத்துக் குளத்துல போட்டுட்டு உட்கார்ந்திருக்கறது கிடையாது. இங்க இரையே பொய். முள்ளு மேல பட்டு நூல், மிருக முடி, பறவை இறகு இதையெல்லாம் சுத்தி ஒரு பூச்சி மாதிரி கட்டறாங்க. அதுக்குப் பேர்தான் ஃப்ளை. அதுல வெயிட்டே இருக்காது, அதனால தூக்கி எறிய முடியாது. தடிமனான லைனோட வெயிட்டை வெச்சு, சாட்டை மாதிரி வீசித்தான் அதை மீன் பக்கம் கொண்டுபோய் இறக்கணும்.

மீன் டிரவுட். குளிர்ந்த, சுத்தமான, ஓடற தண்ணி இருந்தாத்தான் பிழைக்கும். நம்ம நீலகிரியில அவலாஞ்சி பக்கம் வெள்ளைக்காரங்க காலத்துல குஞ்சு பொரிக்கற பண்ணை வெச்சு ஆத்துல விட்டாங்களே, அதுவும் டிரவுட்தான்.

அடுத்தது பூச்சி. மேஃப்ளை வகைப் பூச்சிகளோட வாழ்க்கையைக் கொஞ்சம் பாருங்க, மொத்தச் சண்டையும் இதுலதான் இருக்கு. முட்டையில இருந்து வந்த பூச்சி மாசக்கணக்குல ஆத்துக்கு அடியில கல்லு, பாசி நடுவுல வாழும். இந்த நிலைக்குப் பேர் நிம்ஃப். வளர்ந்ததும் ஒரு நாள் மேல நீந்தி வந்து, தண்ணி மட்டத்துல தோலைக் கிழிச்சிட்டு, றெக்கையோட வெளிய வரும். கொஞ்ச நேரம் மிதந்துட்டுப் பறந்துடும். அப்புறம் இன்னொரு தடவை தோல் உரிச்சு, ஜோடி சேர்ந்து, முட்டை போட்டுட்டு செத்துடும். றெக்கை வந்த பிறகு சாப்பாடே கிடையாது. ஆக, அதோட வாழ்க்கையில பெரும்பகுதி தண்ணிக்குள்ளதான். வெளிய இருக்கறது சில மணி நேரம், மிஞ்சிப் போனா சில நாள்.

இப்போ ஃப்ளைக்கு வருவோம். மிதக்கற ஃப்ளைக்கு டிரை ஃப்ளைன்னு பேர், முழுகறதுக்கு வெட் ஃப்ளை. இந்த வித்தியாசத்துல பெரும்பங்கு ஹேக்கிள்னு சொல்ற இறகுல இருக்கு. சேவலோட கழுத்து இறகு விறைப்பா, பளபளன்னு இருக்கும். அதைச் சுத்தினா ஒவ்வொரு இழையும் குச்சி மாதிரி வெளிய நீட்டிட்டு நிக்கும். தண்ணியோட சர்ஃபேஸ் டென்ஷன் மேல அந்த இழைங்க ஊணி நிக்க, ஃப்ளை மிதக்கும். பெட்டைக்கோழி இறகோ, கௌதாரி இறகோ அப்படி இல்ல. மென்மையா தொளதொளன்னு இருக்கும், தண்ணியை உறிஞ்சும், உடனே உள்ள போயிடும். உள்ள போனதும் ஓட்டத்துல அந்த இழைங்க மடங்கி விரிஞ்சு அசையும். பார்க்கறதுக்கு ஒரு பூச்சி கால் அடிச்சுக்கற மாதிரியே இருக்கும். சாஃப்ட் ஹேக்கிள்னு சொல்றது இதைத்தான்.

இந்த மென்மையான இறகு ஃப்ளைகளை ஸ்கியூஸ் கண்டுபிடிக்கல. இங்கிலாந்தோட வடக்குலயும் ஸ்காட்லாந்துலயும் அவருக்கு ரொம்ப முன்னாடியே கட்டிட்டு இருந்தாங்க. பட்டு நூல்ல ஒரு மெலிசான உடம்பு, முன்னாடி ஒண்ணு ரெண்டு சுத்து இறகு, முடிஞ்சது. ஆரஞ்சு நூலுக்குக் கௌதாரி இறகு, ஊதா நூலுக்கு உள்ளான் இறகு. ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் 1857-லயே தன் புத்தகத்துல இந்த மாதிரி ஃப்ளைகளைப் பத்தி எழுதிட்டார். ஆனா அதெல்லாம் வேகமா ஓடற மலையாறுகளுக்கு. தெற்கு இங்கிலாந்துல கதை வேற.

நியூஃபவுண்ட்லாந்து டு வின்செஸ்டர்

ஸ்கியூஸ் பிறந்தது 1858 ஆகஸ்ட்ல, நியூஃபவுண்ட்லாந்துல செயின்ட் ஜான்ஸ்ங்கற ஊர்ல. அப்பா ராணுவ டாக்டர். வீட்டுப் பிள்ளைகள்ல இவர்தான் மூத்தவர். சின்ன வயசுலயே குடும்பம் பிரிட்டனுக்கு வந்துடுச்சு. 1872-ல வின்செஸ்டர் காலேஜ்ல ஸ்காலர்ஷிப் கிடைச்சுச் சேர்ந்தார். பேர்தான் காலேஜ், அது ஒரு பழைய போர்டிங் ஸ்கூல். அந்த ஊர் நடுவுலயே ஓடற ஆறுதான் இட்சன். பையன் அங்கதான் முதல்ல ஃப்ளை ராடைக் கையில பிடிச்சான்.

இட்சன் மாதிரி ஆறுகளுக்கு சாக் ஸ்ட்ரீம்னு பேர். மழைத்தண்ணி சுண்ணாம்புப் பாறைக்குள்ள இறங்கி, மெதுவா வடிகட்டி, ஊற்றா வெளிய வந்து ஓடற ஆறு. பாறையே ஃபில்டர், பாறையே ஸ்டோரேஜ் டேங்க். அதனால தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். வெயில் காலம், குளிர் காலம்னு இல்லாம ஊற்றுத் தண்ணியோட டெம்பரேச்சர் சுமார் 10 டிகிரியிலயே நிக்கும். பாசி, பூச்சி எல்லாம் ஏராளம். மீன் கொழுத்து வளரும். ஆனா எல்லாத்தையும் தெளிவா பார்க்கும், சீக்கிரம் ஏமாறாது.

ஸ்கூல் முடிச்சு லண்டன்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல பயிற்சிக்குச் சேர்ந்தார். 1884-ல சொலிசிட்டர் ஆனார். அப்புறம் அதே ஆபீஸ்ல பார்ட்னர். 1940 வரைக்கும், அதாவது 80 வயசு தாண்டியும் அதே வேலைதான் பார்த்தார். கல்யாணம் பண்ணிக்கல. வாரம் முழுக்க லண்டன்ல ஃபைலும் பத்திரமும், லீவு கிடைச்சா வின்செஸ்டருக்கு ரயில்.

1883-ல ஆபீஸ் கிளையண்ட் ஒருத்தர் தயவுல அவருக்கு வின்செஸ்டர் பக்கத்துல ஆபட்ஸ் பார்ட்டன்ங்கற இடத்துல மீன் பிடிக்கற வாய்ப்பு கிடைச்சது. அங்கல்லாம் ஆறு பொதுவானது இல்ல. கரைக்குச் சொந்தக்காரங்க கிட்ட இருந்து நாலு பேர் சேர்ந்து குத்தகைக்கு எடுப்பாங்க. அவங்க சம்மதம் இல்லாம நீங்க தூண்டிலை நனைக்கக்கூட முடியாது. இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஹால்ஃபோர்ட் சொன்னா சரி

அந்தக் காலத்துல சாக் ஸ்ட்ரீம்ல பெரிய தலைன்னா ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்ட். பணக்காரர், சீக்கிரமே பிசினஸ்ல இருந்து ஒதுங்கி முழு நேரமும் ஆத்தங்கரைக்கு வந்தவர். 1886-ல மிதக்கற ஃப்ளைகளைக் கட்டறது பத்தி ஒரு புத்தகம், 1889-ல டிரை ஃப்ளையோட தத்துவமும் நடைமுறையும் பத்தி இன்னொண்ணு. ரெண்டும் செம ஹிட்.

அவர் முறை இது. ஆத்தைப் பாருங்க. மேல மிதக்கற பூச்சியை ஒரு மீன் எடுக்கறதைக் கண்ணால பார்க்கற வரைக்கும் காத்திருங்க. அது என்ன பூச்சின்னு கண்டுபிடிங்க. அதே மாதிரி ஒரு ஃப்ளையை எடுத்து, ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமா, அந்த மீனுக்குக் கொஞ்சம் மேல, மிதக்கற மாதிரி போடுங்க.

நேர்மையா சொல்லணும்னா இது அருமையான மெத்தட். ஹால்ஃபோர்டும் முட்டாள் இல்ல. பூச்சிகளை ஜாடியில சேகரிச்சார், கலர் கலரா ஒப்பிட்டார், மீன் வயித்தை அறுத்தும் பார்த்தார். அதுல நிம்ஃப் நிறைய இருக்குன்னும் அவருக்குத் தெரியும். ஆனா தண்ணிக்குள்ள நெளியற நிம்ஃபை ஒரு முள்ளுல கட்டிக் காட்டவே முடியாதுங்கறது அவர் முடிவு.

பிரச்சினை அவருக்குப் பின்னாடி வந்தவங்களால பெருசாச்சு. ஒரு நல்ல முறை, கொஞ்ச வருஷத்துல சட்டமா மாறிடுச்சு. சாக் ஸ்ட்ரீம்ல டிரை ஃப்ளை மட்டும்தான் போடணும். வெட் ஃப்ளை போடறவன் ஜென்டில்மேனே இல்ல. பல இடங்கள்ல குத்தகை விதியிலயே இதை எழுதி வெச்சாங்க.

ஸ்கியூஸும் ஆரம்பத்துல ஹால்ஃபோர்ட் பக்தர்தான். அந்தப் புத்தகங்களைப் படிச்சுத்தான் அவரும் வளர்ந்தார்.

1892: முழுகிப் போன ஃப்ளை

1892 செப்டம்பர். இட்சன்ல மீன்கள் மும்முரமா மேய்ஞ்சிட்டு இருந்துச்சு. ஸ்கியூஸ் ஒழுங்கா, ரூல்படி, மிதக்கற ஃப்ளைகளை ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டுப் பார்த்தார். ஒரு மீனும் சீண்டல. அப்புறம் ஒரு டார்க் ஆலிவ் குவில் ஃப்ளையை எடுத்துக் கட்டினார். கட்டினவர் அதுல விறைப்பான இறகுக்குப் பதிலா மென்மையான இறகைச் சுத்தியிருந்தார். டிரை ஃப்ளை கணக்குல பார்த்தா அது டிஃபெக்டிவ் பீஸ். போட்ட உடனே முழுகிடுச்சு. முழுகினதை மீன் எடுத்துச்சு. அடுத்த மீனும் எடுத்துச்சு.

இங்க நீங்களும் நானும் என்ன பண்ணியிருப்போம்? லேப்ல ரீடிங் கர்வை விட்டு வெளிய போனா என்ன பண்றோமோ அதைத்தான். எக்ஸ்பெரிமெண்டல் எர்ரர்னு ஒரு வரி எழுதிட்டு, வர வேண்டிய வேல்யூவை ரெக்கார்ட் நோட்ல போட்டுட்டுப் போயிருப்போம். ஸ்கியூஸ் அந்த ரீடிங்கைத் தூக்கிப் போடல. அன்னிக்கே பெரிய முடிவுக்கும் வந்துடல. மனசுல போட்டு வெச்சுக்கிட்டு, அடுத்தடுத்த வருஷங்கள்ல வேணும்னே முழுகற ஃப்ளைகளைப் போட்டுப் பார்த்துட்டே இருந்தார். அது புத்தகமா வெளிய வர 18 வருஷம் ஆச்சு.

இந்த 18 வருஷத்துல அவர் கத்துக்கிட்டது முக்கியமா, மீன் எழும்பற விதத்தைப் படிக்கறது. தண்ணி மேல வளையம் வந்தா, மீன் மேல இருக்கற பூச்சியைத்தான் எடுக்குதுன்னு எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க. ஸ்கியூஸ் உத்துப் பார்த்தார். பல நேரம் மீனோட மூக்கு வெளிய வரவே இல்ல. முதுகோ வாலோ தண்ணியைத் தள்ளறதுல ஒரு மேடு மட்டும் எழும்புது. அதாவது மீன் மட்டத்துக்கு ஒரு இஞ்ச் கீழ, மேல வந்துட்டு இருக்கற நிம்ஃபை எடுக்குது. மேல றெக்கையோட மிதக்கற பூச்சிகளைக் கண்டுக்காம விடுது. அந்த மீனுக்கு எவ்வளவு அழகான டிரை ஃப்ளை போட்டாலும் வேஸ்ட். சாப்பாட்டு வேளை அது, மீன் பசியோடதான் இருக்கு, ஆனா நீங்க பரிமாறறது வேற இலையில.

நல்லி எலும்புக் கரண்டி

சந்தேகம் வந்தா எப்படித் தீர்த்துக்கறது? ஸ்கியூஸ் கண்டுபிடிச்ச வழி செம சிம்பிள். நல்லி எலும்புக்குள்ள இருக்கறதை நோண்டி எடுக்க வெள்ளைக்காரங்க விருந்துல ஒரு நீளமான ஒல்லிக் கரண்டி வெச்சிருப்பாங்க. அந்த மாதிரிக் கரண்டி ஒண்ணைக் கையில வெச்சுக்கிட்டார். பிடிச்ச மீனைக் கொன்னதும், வாய் வழியா அதை உள்ள விட்டு ஒரு திருப்பு திருப்பி, வயித்துல இருக்கறதை வெளிய எடுப்பார். ஒரு வெள்ளைக் கிண்ணத்துல தண்ணி ஊத்தி அதுல கலக்குவார். உருண்டையா இருந்தது பிரிஞ்சு, தனித்தனிப் பூச்சியா மிதக்கும். மீன் கடைசி அரை மணி நேரமா என்ன சாப்பிட்டுச்சுன்னு மெனு கார்டே ரெடி.

அந்தக் கிண்ணத்துல அவர் திரும்பத் திரும்பப் பார்த்தது நிம்ஃப். பல சமயம் றெக்கை முளைச்ச பூச்சி ஒண்ணு ரெண்டு, மீதி பூரா நிம்ஃப்.

ஹால்ஃபோர்ட் கையில இருந்ததும் கிட்டத்தட்ட இதே டேட்டாதான். அவர் அதைப் பார்த்துட்டு முடியாதுன்னு நிறுத்தினார். ஸ்கியூஸ் அந்தக் கிண்ணத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே கட்ட ஆரம்பிச்சார். நனைஞ்ச நிம்ஃபோட நிறத்துக்கு நனைஞ்ச முடியோட நிறம் ஒத்துப்போகுதான்னு பார்த்தார். பட்டு நூல் நனைஞ்சா நிறம் மாறும், மேல சுத்தின முடி வழியா அந்த நிறம் லேசா தெரியும். அதையும் கணக்குல எடுத்தார்.

அவர் கட்டின நிம்ஃப் எப்படி இருக்கும்னு சொல்றேன், கண்ணுக்குள்ள கொண்டு வாங்க. சின்ன முள். மெழுகு தேய்ச்ச பட்டு நூலை முள்ளோட கண்ணுக்குப் பக்கத்துல ஆரம்பிச்சு வளைவு வரைக்கும் சுத்தறோம். வால் இடத்துல ரெண்டு மூணு சின்ன இழை. மெழுகு நூல்ல கொஞ்சம் முடியைத் திரிச்சு, திரி மாதிரி ஆக்கி, முன்பக்கமா சுத்தி உடம்பு. நெஞ்சுப் பகுதி மட்டும் கொஞ்சம் தடியா, ஏன்னா நிம்ஃபுக்கு றெக்கை மடிஞ்சு கிடக்கறது அங்கதான். கடைசியா ரொம்பக் குட்டையான, மென்மையான இறகு, ஒரு சுத்து, அதிகபட்சம் ரெண்டு சுத்து. நூலை முடிச்சுப் போட்டு அறுத்துடணும். இறகு அதிகமானா கெட்டுச்சு. பூச்சிக்கு ஆறு கால்தான், துடைப்பம் கிடையாது.

மைனர் டாக்டிக்ஸ்

1910-ல முதல் புத்தகம் வந்துச்சு. பேர், மைனர் டாக்டிக்ஸ் ஆஃப் தி சாக் ஸ்ட்ரீம். அந்தப் பேரையே கவனிங்க. டிரை ஃப்ளைதான் மேஜர், நான் சொல்றது பக்கத்துல வெச்சுக்க வேண்டிய சின்ன உத்தி மட்டும்தான்னு பேர்லயே சொல்லிட்டார். ஹால்ஃபோர்ட் முறையை அவர் தப்புன்னு சொல்லவே இல்ல. அவரும் கடைசி வரைக்கும் டிரை ஃப்ளை போட்டார். மீன் மேல சாப்பிட்டா மேல போடுவோம், கீழ சாப்பிட்டா கீழ போடுவோம். அவர் கேட்டது அதுதான்.

அவர் கீழ போட்டதும் கண்ணை மூடிட்டுப் போட்டது இல்ல. ஹால்ஃபோர்ட் மாதிரியே ஒரு குறிப்பிட்ட மீனைப் பார்த்து, அது எடுக்கற உணவைப் புரிஞ்சு, ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமா வீசணும். முழுகின ஃப்ளை கண்ணுக்குத் தெரியாது. மீனோட சின்னத் திரும்பல், தண்ணிக்குள்ள ஒரு வெள்ளை மின்னல், லைன் ஒரு நொடி நிக்கறது, இதை வெச்சுத்தான் தூண்டிலைத் தூக்கணும். டிரை ஃப்ளையை விட இது சுலபம்னு நினைக்கறவங்க ஒரு தடவை பண்ணிப் பார்க்கணும்.

ஹால்ஃபோர்ட் கடைசி வரைக்கும் ஒத்துக்கல. 1914-ல இறந்தார். ஸ்கியூஸ் 1921-ல அடுத்த புத்தகம் போட்டார். தண்ணிக்குள்ள இருந்து மீன் எப்படிப் பார்க்கும்ங்கறதுல ஆரம்பிக்கற புத்தகம் அது. ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ் ஞாபகம் இருக்கா? தண்ணிக்குள்ள இருந்து மேல பார்த்தா, சுமார் 97 டிகிரி கூம்புக்குள்ளதான் வெளி உலகம் தெரியும். அதுக்கு வெளிய டோட்டல் இன்டர்னல் ரிஃப்ளெக்ஷன், வெறும் கண்ணாடி. நாம மார்க்குக்காகப் படிச்சதை இந்த மனுஷன் மீன் பிடிக்கறதுக்காக யோசிச்சார்.

ஒரு ரகசியம், 34 வருஷம்

ஸ்கியூஸ் எப்படிப்பட்ட ஆள்னு தெரிய இன்னொரு கதை. டிவர்டன் ஊர்ல ஆர். எஸ். ஆஸ்டின்னு ஒரு புகையிலைக் கடைக்காரர், ஃப்ளையும் கட்டி விப்பார். அவர் 1900-ல ஸ்கியூஸுக்கு ஒரு ஃப்ளை அனுப்பினார். அதோட உடம்புக்குப் போட்ட முடிக் கலவையில, ஆட்டுக்கிடாவோட விதைப்பை மேல இருக்கற மெல்லிய முடியும் ஒண்ணு. சிரிக்காதீங்க. தண்ணியில அந்த முடிக்கு ஒரு தனி மினுமினுப்பு உண்டு. ஸ்கியூஸ்தான் அந்த ஃப்ளைக்கு டப்ஸ் இண்டிஸ்பென்ஸபிள்னு பேர் வெச்சார். டப்னா அந்த ஊர்ல ஆட்டுக்கிடா.

ஃப்ளை பயங்கரமா ஓடுச்சு. ஸ்கியூஸும் அதுக்கு மென்மையான சின்ன இறகு போட்டு நிம்ஃபா மாத்தி நிறைய மீன் பிடிச்சார். ஆனா கலவை என்னன்னு மட்டும் வெளிய சொல்லல. ஆஸ்டின் 1911-ல இறந்த பிறகு அவர் மகள்தான் அந்த ஃப்ளைகளைக் கட்டி வித்தார். ரகசியம் வெளிய வந்தா அவர் பிழைப்பு போயிடும். அந்தம்மா தொழிலை விட்ட பிறகு, 1934-லதான் விவரம் அச்சுல வந்துச்சு. தனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் பத்திரிகையில எழுதித் தள்ளின மனுஷன், இந்த ஒண்ணை மட்டும் 34 வருஷம் வாய்க்குள்ள வெச்சிருந்தார்.

1938

இப்போ நம்ம ஆரம்பக் கேள்விக்கு வந்துட்டோம். 1930-கள்ல ஆபட்ஸ் பார்ட்டன் குத்தகைக் குழுவுல புது ஆட்கள் வந்தாங்க. அவங்களுக்கு ஸ்கியூஸ் நிம்ஃப் போடறது பிடிக்கல. அது முறை இல்ல, மீனைக் கெடுக்குதுன்னு பேச்சு கிளம்புச்சு.

1938 பிப்ரவரி 10, லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப். சாக் ஸ்ட்ரீம்ல நிம்ஃப் போடலாமா கூடாதான்னு ஒரு விவாதம். எதிர்ப்பக்கம் செல்வாக்குள்ள ஆட்கள். இந்தப் பக்கம் கிட்டத்தட்ட 80 வயசுல ஸ்கியூஸ். யோசிச்சுப் பாருங்க. அவர் முதல் புத்தகம் வந்து 28 வருஷம் ஆச்சு. கிண்ணத்துல என்ன இருக்குன்னு எத்தனையோ தடவை எழுதிட்டார். மீன் எதைச் சாப்பிடுதுங்கற கேள்வியே அங்க முடிஞ்சு போன கேள்விதான். அங்க பேசினது, சாக் ஸ்ட்ரீம்ல எது மரியாதை, எது மரியாதை இல்லங்கறதை. அந்தக் கேள்விக்குக் கரண்டியும் கிண்ணமும் பதில் சொல்லாது.

அந்த ராத்திரிக்கு அப்புறமும் ஆத்தங்கரையில நிலைமை மாறல. அந்த 1938 சீசனோட ஸ்கியூஸ் ஆபட்ஸ் பார்ட்டனை விட்டார். 1883-ல 25 வயசுப் பையனா போன இடம். ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு மதகும், எந்தப் பாசிக்குப் பின்னாடி எந்த மீன் நிக்கும்ங்கறதும் தெரிஞ்ச இடம். மனைவி, பிள்ளை இல்லாத ஒரு மனுஷனுக்கு அது வெறும் ஆறு மட்டும் இல்லன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?

அவர் என்ன பண்ணார்? அடுத்த வருஷமே, 1939-ல, சாக் ஸ்ட்ரீம்ல நிம்ஃப் மீன்பிடிப்பைப் பத்தி மட்டும் ஒரு தனிப் புத்தகம் போட்டார். இந்தத் தடவை பேர்ல மைனர் எல்லாம் இல்ல. 1940-ல வக்கீல் தொழிலை விட்டார். வில்ட்ஷயர்ல நாடர் ஆத்துப் பக்கம் ஒரு ஹோட்டல்ல போய்த் தங்கி, 80-களைத் தாண்டிட்டு இருந்த வயசுலயும் மீன் பிடிச்சார், ஃப்ளை கட்டினார், தெரியாதவங்களுக்குக் கடிதம் எழுதினார். 1949 ஆகஸ்ட் 9-ம் தேதி, 91 வயசு முடிய சில நாள் இருக்கறப்போ இறந்தார். அவர் சாம்பலைத் தூவினது இட்சன்ல, அதே ஆபட்ஸ் பார்ட்டன்ல. இப்போ அவர் நினைவா அங்க ஒரு இருக்கையும் இருக்கு.

அப்புறம் என்ன ஆச்சு

ஸ்கியூஸோட எழுத்து கடல் தாண்டிப் போச்சு. அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல அலன்டவுன் ஊர்ல ஜேம்ஸ் லைசென்ரிங்னு ஒருத்தர். மெக்கானிக்கல் மக்களே, நம்ம ஆள், டூல் மேக்கர். அவர் ஸ்கியூஸோட கடிதத் தொடர்பு வெச்சிருந்தார். 1941-ல வெட் ஃப்ளை கட்டற கலையைப் பத்தி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். சாஃப்ட் ஹேக்கிள் ஃப்ளையை ஆழத்துல விட்டு, மீனுக்கு முன்னாடி வர நேரத்துல ராடை நிறுத்தினா, ஓட்டமே ஃப்ளையை மேல தூக்கும். இறகு விரியும். நிம்ஃப் மேல நீந்திப் போற மாதிரியே இருக்கும். இந்த டெக்னிக்குக்கு இன்னிக்கும் லைசென்ரிங் லிஃப்ட்னுதான் பேர். 1975-ல சில்வெஸ்டர் நீம்ஸ்ங்கற அமெரிக்கர் சாஃப்ட் ஹேக்கிள் ஃப்ளைகளைப் பத்தியே புத்தகம் எழுத, மறந்து போயிட்டு இருந்த விஷயம் திரும்பவும் எல்லார் பெட்டிக்குள்ளயும் வந்துச்சு.

இங்கிலாந்துல ஏவன் ஆத்துக் காவலர் ஃப்ராங்க் சாயரை எழுதச் சொல்லி ஊக்கப்படுத்தினவர் ஸ்கியூஸ். ஃபெசன்ட் வால் இறகும் செம்புக் கம்பியும் மட்டும் வெச்சு சாயர் கட்டின நிம்ஃப், இப்போ டிரவுட் இருக்கற எல்லா நாட்டுலயும் விக்குது.

ஆனாலும் சில சாக் ஸ்ட்ரீம் குத்தகைகள்ல இன்னமும் சீசன்ல குறிப்பிட்ட மாசம் வரைக்கும் டிரை ஃப்ளை மட்டும்தான்னு விதி இருக்கு. அது அவங்க ஆறு, அவங்க விளையாட்டு, விதி வெச்சுக்கட்டும். விளையாட்டுல ஒரு கஷ்டத்தை நாமளே வெச்சுக்கறதுல தப்பே இல்ல. நாம விரும்பி வெச்சுக்கிட்ட விதியை, இயற்கையே அப்படித்தான்னு சொல்ல ஆரம்பிக்கறப்போதான் சிக்கல் வருது. ஸ்கியூஸ் இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்த்தார். அதுக்கு அவர் குடுத்த விலை, வாழ்நாள் பூரா நேசிச்ச ஒரு ஆறு.

அடுத்த மாசம் உங்க ப்ராஜெக்ட் ரிவ்யூவுல, எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாங்கன்னு ஒரு பதில் வரும். வரத்தான் செய்யும். அப்போ எதிர்த்துக் கத்த வேண்டாம். எல்லாரும் பண்றது தப்புன்னு நிரூபிக்கவும் வேண்டாம், பெரும்பாலும் அது தப்பா இருக்காது. உங்க கரண்டி எது, உங்க வெள்ளைக் கிண்ணம் எதுன்னு மட்டும் யோசிங்க. கர்வை விட்டு வெளிய போன அந்த ஒரு ரீடிங்கை அழிக்காம வெச்சிருங்க. ஸ்கியூஸுக்கு அதைப் புரிஞ்சுக்க 18 வருஷம் ஆச்சு. நமக்கு எட்டு செமஸ்டர் மட்டும்தான் இருக்கு, ஆனா அதுக்கு அப்புறமும் நாள் இருக்கே.